இஷி என்னும் வில்லாளர்

வில்லாளர் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் பலர். விசயனும் ஏகலைவனும் இதிகாசத்தில் வாழ்கின்றனர்; கண்ணப்பர் புராணத்தில் வாழ்கின்றார். ஆனால் வரலாற்றுக் காலத்தில், அதுவும் 20ஆம் நூற்றாண்டில், மின்விளக்கும் மோட்டார் வண்டியும் வந்துவிட்ட ஒரு நாட்டில், வில்லையும் அம்பையுமே நம்பி வாழ்ந்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் எழுதப் படிக்க அறியாதவர், அரசாண்டவர் அல்லர், போரில் வென்றவரும் அல்லர். ஆயினும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அவர் கதையைப் படிக்கின்றனர். அவர்தாம் இஷி. அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் காடுகளில் வான்கோழிகள் இன்றும் காட்டுப் பறவைகளாகத் திரிகின்றன. நாம் பண்ணைகளில் காணும் வான்கோழியைப்போல் அவை மந்தமானவை அல்ல. மோப்ப ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. பார்வையோ மிகக் கூர்மையானது. வேட்டைக்காரன் நாணை இழுக்கக் கையைச் சிறிது அசைத்தாலும் போதும், பறவை மறைந்துவிடும். அதனால் வில்லால் வேட்டையாடுவோரில் மிகப் பலர் துணியால் ஆன மறைவுக் கூடாரம் ஒன்றை அமைத்து அதனுள் அமர்ந்து அம்பு எய்கின்றனர். ஒரு சிலர் மட்டும் கூடாரம் எதுவும் வேண்டா என்று ஒதுக்கி, ஒரு மரத்தடியையோ புதரையோ துணையாகக் கொண்டு, அசையாமையையும் பொறுமையையும் மட்டுமே மறைவாகக் கொண்டு காத்திருக்கின்றனர். இத்தகைய வில் வேட்டைக்கு அந்நாட்டில் புத்துயிர் ஊட்டியவர் யார் என்று கேட்டால், சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவரின் பெயரைச் சொல்வர். அந்த மருத்துவருக்கு ஆசான் யார் என்று கேட்டால், விடை இஷி என்பதாகும்.

பிறந்த மண்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது கலிபோர்னியா மாநிலம். அதன் வடபகுதியில் லாசன் என்னும் எரிமலை நிற்கிறது. அம்மலையின் அடிவாரத்தில் ஆழமான பள்ளத்தாக்குகளைக் குடைந்துகொண்டு மில் ஓடை, மான் ஓடை என்னும் இரு நீரோடைகள் இறங்கி வருகின்றன. அந்த ஓடைக்கரைகளே யாஹி மக்களின் தாயகம். யானா என்னும் பெரிய இனத்தின் தென்கோடிக் கிளையினர் அவர்கள். வெள்ளையர் வருமுன் அவர்கள் சுமார் 400 பேர் இருந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். கருவாலி மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கிக் களி கிண்டி உண்டனர். ஓடையில் சால்மன் மீன் பிடித்தனர். மானையும் முயலையும் வேட்டையாடினர். யாரையும் அடக்கி ஆளவில்லை. யாருக்கும் அடங்கி வாழவும் இல்லை.

1848ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் செய்தி பரவியதும் பல திசைகளிலிருந்தும் மக்கள் வெள்ளம் பாய்ந்தது. ஓடைகளில் மண்ணும் சேறும் கலந்து மீன் குறைந்தது. குடியேறியவர்களின் ஆடுமாடுகள் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன, மான்கள் மறைந்தன. பசித்த யாஹியர் கால்நடைகளைக் கவர்ந்தனர். வெள்ளையரோ துப்பாக்கியோடும் நாயோடும் புறப்பட்டு மனிதரை வேட்டையாடினர். 1860களில் கொலைக்கு மேல் கொலை நடந்தது. 1871இல் கிங்ஸ்லி குகை என்னுமிடத்தில் மட்டும் ஏறத்தாழ முப்பது பேர், பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டனர். இது யாஹியருக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அன்று. தங்கம் கண்டெடுத்த காலத்தில் கலிபோர்னியப் பழங்குடியினர் சுமார் 1,50,000 பேர் இருந்தனர் என்பர். 1870இல் அத்தொகை சுமார் 30,000 ஆகச் சுருங்கிவிட்டது. நோயும் பட்டினியும் அடிமைத்தனமும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த அழிவு அது.

இந்தக் கொடுங்காலத்தில்தான் இஷி பிறந்தார். பிறந்த ஆண்டு 1860ஐ ஒட்டி இருக்கலாம். வேட்டையாடக் கற்க வேண்டிய வயதில், வேட்டையாடப்படாமல் தப்பிக்கக் கற்க வேண்டியவரானார் அவர்.

ஒளிந்து வாழ்ந்த நாற்பது ஆண்டுகள்

எஞ்சிய சிலர் பள்ளத்தாக்குகளின் உட்பகுதியில் ஒளிந்துகொண்டனர். யாஹியர் அழிந்தே போயினர் என்று ஊரார் நம்பும் அளவுக்கு அவர்கள் மறைந்து வாழ்ந்தனர். எப்படி மறைந்தனர் என்பது வியப்புக்குரியது. மண்ணில் அடிச்சுவடு படாதபடி பாறைக்குப் பாறை தாவி நடந்தனர். அடர்ந்த புதர்களின் கீழே நாலு காலில் தவழ்ந்து செல்லும் வழிகளை வைத்திருந்தனர். கோடரியால் மரம் வெட்டும் ஓசை கேட்கக்கூடாது என்பதற்காகக் கிளைகளை வெட்டாமல் விலக்கியும் வளைத்தும் வழி செய்துகொண்டனர். புகை மேலெழாதபடி சிறு நெருப்பே மூட்டினர். செங்குத்தான பாறைச் சரிவில் நார்க் கயிற்றைக் கட்டி ஓடைக்கு இறங்கி ஏறினர்.

இந்த வாழ்க்கைக்கு வில் ஒன்றே ஏற்ற கருவி. துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் மலை முழுவதும் எதிரொலிக்கும். அம்பு பாய்வதோ அருகிலிருப்பவனுக்கும் கேட்காது. ஓசையற்ற அந்தக் கருவியால்தான் ஒரு சிறு குடும்பம் நாற்பது ஆண்டுக் காலம் உயிர் பிழைத்தது. வில்வித்தை இஷிக்குப் பொழுதுபோக்கு அன்று; வீரவிளையாட்டும் அன்று. அது சோறு, அது உயிர்.

காலம் செல்லச் செல்ல ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். இறுதியில் நால்வரே எஞ்சினர்: இஷி, அவருடைய முதிய தாய், உறவினளான ஒரு பெண், ஒரு முதியவர். 1908ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நீர்மின் திட்டத்துக்காக நில அளவையாளர் குழு ஒன்று மான் ஓடைப் பக்கம் வந்தது. அவர்கள் தற்செயலாக அந்தக் குடியிருப்பைக் கண்டுவிட்டனர். முதியவரும் பெண்ணும் ஓடிவிட்டனர். அவர்களை அதன்பின் எவரும் காணவில்லை. நடக்க இயலாத தாய் மட்டும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அளவையாளர்கள் அவளைத் தொடவில்லை. ஆனால் அங்கிருந்த வில், அம்பு, கூடை, தோற்போர்வை முதலிய பொருள்களைக் காட்சிப் பொருளாக எண்ணி எடுத்துச் சென்றனர். குளிர்காலம் நெருங்கும் வேளையில் ஒரு குடும்பத்தின் உணவையும் உடையையும் கருவியையும் எடுத்துச் செல்வது என்ன பொருள்படும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். சிறிது காலத்தில் தாயும் மறைந்தாள். இஷி தனியரானார்.

ஊருக்குள் வந்த நாள்

1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு நாள், ஓரோவில் என்னும் ஊரின் புறத்தே இருந்த ஆடுமாடு வெட்டுமிடத்தில் நாய்கள் குரைத்தன. அங்கே பட்டியின் ஓரத்தில் ஒரு மனிதர் பசியால் மெலிந்து ஒடுங்கிக் கிடந்தார். உடலில் ஒரு கிழிந்த கித்தான் துண்டு. இறந்தோர்க்குத் துக்கம் காக்கும் வழக்கப்படி தலைமயிர் தீயால் பொசுக்கிக் குறைக்கப்பட்டிருந்தது. சுடுவார்கள் என்று எதிர்பார்த்தே அவர் வந்திருக்கவேண்டும். ஆனால் ஊர்க் காவல் அதிகாரி அவரைச் சுடவில்லை. கூட்டத்திலிருந்து காப்பதற்காகச் சிறை அறையில் வைத்து உணவளித்தார். காட்டு மனிதன் அகப்பட்டான் என்று செய்தித்தாள்கள் எழுதின.

செய்தியைக் கண்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழக மானிடவியல் பேராசிரியர்கள் ஆல்பிரட் குரோபரும் தாமஸ் வாட்டர்மனும் விரைந்து செயற்பட்டனர். வாட்டர்மன் ஓரோவிலுக்கு வந்து சிறையில் இஷியின் அருகே அமர்ந்தார். யானா மொழிச் சொற்களின் பட்டியல் ஒன்றை ஒவ்வொன்றாகப் படித்தார். பல சொற்களுக்கு எந்த அசைவும் இல்லை. இறுதியில் மஞ்சட் பைன் மரத்தைக் குறிக்கும் சிவினி என்னும் சொல்லைச் சொல்லி, அம்மரத்தால் செய்த கட்டிற் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். இஷியின் முகம் மலர்ந்தது. மூன்றாண்டுக் காலம் மனிதக் குரலையே கேளாத செவியில் தாய்மொழிச் சொல் ஒன்று விழுந்தது. மொழியின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவர் பெயர் என்ன என்று எல்லோரும் கேட்டனர். தம் பெயரைத் தாமே பிறரிடம் சொல்லலாகாது என்பது யாஹி மரபு. தம்மை அறிமுகப்படுத்த வேறொரு யாஹியர் வேண்டும்; அப்படி ஒருவரும் உலகில் இல்லை. ஆகவே மனிதன் என்னும் பொருள்தரும் இஷி என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக இட்டார். அவருடைய உண்மைப் பெயர் இறுதிவரை எவருக்கும் தெரியாமலே போயிற்று.

அருங்காட்சியக வாழ்வு

செப்டம்பர் மாதம் அவரைச் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றனர். உயர்ந்த கட்டடங்களைக் கண்டு அவர் மலைப்பார் என்று பலர் எதிர்பார்த்தனர். மலைகளைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கட்டடம் பெரிதாகத் தோன்றவில்லை. அவரைத் திகைக்க வைத்தது மக்கள் கூட்டம். வாழ்நாளில் ஒரு சிலரையே கண்டவர், கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கண்டு செயலற்று நின்றார். தீக்குச்சியும் பசையும் அவர் மிக மதித்த நாகரிகப் பொருள்கள். தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கியும், மீன்தோலைக் காய்ச்சிப் பசை செய்தும் பழகியவர்க்கல்லவா அவற்றின் அருமை தெரியும்!

அருங்காட்சியகத்தில் அவருக்கு உதவிப் பணியாளர் வேலை கிடைத்தது. மாதம் 25 டாலர் ஊதியம். தரையைத் துடைத்தார், பொருள்களை ஒழுங்குபடுத்தினார். ஊதியத்தில் சேமித்த அரை டாலர் நாணயங்களைப் புகைப்படச் சுருள் வரும் சிறு உலோகக் குப்பிகளில் அடுக்கிப் பெட்டகத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் முன் அம்புமுனை செய்து காட்டினார். அடுத்திருந்த மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளின் படுக்கையருகே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுப்பார். நலம் வேண்டுகிறார் என்று பிறர் உணர்ந்துகொள்வர்.

அரசு அதிகாரி ஒருவர், தாயகத்துக்கோ பழங்குடியினர் குடியிருப்புக்கோ திரும்ப விருப்பமா என்று கேட்டபோது, இங்கேயே இருந்து முதுமை எய்த விரும்புவதாக இஷி தெரிவித்தார். அவர் விருந்தினரா, பணியாளரா, காட்சிப்பொருளா என்ற வினா அன்றே எழுந்தது. நண்பர்கள் அவரை அன்போடு நடத்தினர் என்பது உண்மை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும்.

மருத்துவர் மாணவரானார்

1912ஆம் ஆண்டு சாக்ஸ்டன் போப் அந்த மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார். இஷியின் உடல்நலத்தைக் கவனிக்க வந்தவர், அவருடைய வில்லைக் கண்டு மாணவரானார். இஷி அவரைத் தம் மொழியில் மருத்துவன் என்று பொருள்படும் குவி என்னும் சொல்லால் அழைத்தார். கற்றறிந்த ஓர் அறுவை மருத்துவர், எழுத்தறியாத ஒருவரின் காலடியில் அமர்ந்து பாடம் கேட்டார். கல்வி என்பது ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இஷியின் வில் மலை ஜூனிப்பர் மரத்தால் ஆனது. சுமார் மூன்றரை அடி நீளம், அகன்று தட்டையானது. மரத்தை நாள்பட உலர்த்திக் கல்லால் தேய்த்து உருவாக்குவார். மானின் தசைநார்களை வாயில் மென்று மென்மையாக்கி, சால்மன் தோலைக் காய்ச்சிய பசையால் வில்லின் முதுகில் ஒட்டுவார். நாணும் தசைநாரே. நாணை முழுவதும் இழுக்கச் சுமார் 40 பவுண்டு ஆற்றல் வேண்டும். நாணேற்றிய வில்லை வீணே வைக்கலாகாது. வில்லைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தலாகாது, அப்படி நின்றால் அது களைத்துப்போகும், கிடத்தியே வைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கருவியை உயிருள்ள துணையாகக் கருதும் இவ்வழக்கம், ஆயுத பூசை நடத்தும் நமக்குப் புதிதன்று.

அம்புக்கு நேரான குச்சிகளைத் தேர்ந்து, அனலில் வாட்டி நிமிர்த்தி, கரட்டுக் கல்லால் வழவழப்பாக்கி, சிறகு கட்டுவார். முனை எரிமலைக் கண்ணாடிக் கல்லால் ஆனது. மான்கொம்பின் நுனியால் அக்கல்லின் விளிம்பை அழுத்தி அழுத்திச் சிம்புகளாகப் பெயர்த்து, அரைமணி நேரத்தில் கூரிய முனை ஒன்றை முடித்துவிடுவார். நகருக்கு வந்தபின் உடைந்த பாட்டில் கண்ணாடியிலும் அழகிய முனைகள் செய்தார். அவற்றில் பல இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவர் அம்பு எய்யும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. ஐரோப்பியர்போல் மூன்று விரல்களால் நாணை இழுக்காமல், கட்டைவிரலை நாணில் மடக்கி, மற்றொரு விரலை நகத்தின்மேல் ஊன்றி இழுத்தார். இம்முறை ஆசியாவுக்கே உரியது என்று அறிஞர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். ஏகலைவன் கதையை அறிந்த நமக்குக் கட்டைவிரலின் அருமை நன்கு விளங்கும். நாணை இழுப்பது அவ்விரலானால்தானே அதனைத் துரோணர் காணிக்கையாகக் கேட்டதற்குப் பொருள் உண்டு! ஏகலைவனிடமிருந்து பறிக்கப்பட்டது விரல். இஷியிடமிருந்து பறிக்கப்பட்டதோ இனமும் நிலமும்.

மறைவின்றி வேட்டையாடும் கலை

இலக்குப் பலகையில் எய்யும் போட்டியில் இஷி பெரிய வல்லுநர் அல்லர். தொலைவிலுள்ள வண்ண வட்டத்தைக் குறிபார்ப்பது அவருக்குப் பொருளற்ற வேலை. காட்டில்தான் அவர் திறமை வெளிப்பட்டது. அவர் பெரும்பாலும் 10 முதல் 50 கெஜ தூரத்துக்குள் எய்தார். அத்தனை அருகில் விலங்கு வரவேண்டும், அல்லது நாம் செல்லவேண்டும். எய்வது கடைசிச் செயல். நெருங்குவதே உண்மையான கலை. போப் கற்றுக்கொண்ட பெரும்பாடம் இதுவே.

மான் வேட்டைக்கு முதல்நாள் இஷி மீன் உண்ணமாட்டார், புகையிலை தொடமாட்டார். விடியலில் எழுந்து ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொள்வார். வாயைக் கொப்புளித்து நீர் மட்டும் பருகி, வெறும் வயிற்றோடு புறப்படுவார். ஆடை புதரில் உராய்ந்தால் ஓசை எழும் என்பதால் அரையில் ஒரு துண்டு மட்டுமே உடுப்பார். காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிராகவே நடப்பார். விரைவு என்பதை அவர் வெறுத்தார். அடியெடுத்து வைக்குமுன் அவ்விடத்தில் சருகு உண்டா, சுள்ளி உண்டா என்று பார்ப்பார். பரணும் இல்லை, கூடாரமும் இல்லை. அவருடைய அடக்கமே அவருக்கு மறைப்பு.

நெருங்கிச் செல்வது ஒரு வழியென்றால், அழைத்து வரவழைப்பது மற்றொரு வழி. இரு விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் ஒலியெழுப்பினால், துன்புறும் முயலின் குரல் பிறக்கும். அதைக் கேட்டு மற்ற முயல்கள் வரும். முயலைத் தின்ன வரும் காட்டுப் பூனையும் வரும். ஒரு நாள் பிற்பகலில் பன்னிரண்டு இடங்களில் இவ்வாறு அழைத்துப் பார்த்ததில் ஐந்து முயல்களும் ஒரு காட்டுப் பூனையும் அணுகியதைப் போப் பதிவு செய்துள்ளார். இலையொன்றை மடித்து உதடுகளுக்கிடையே வைத்து மான்குட்டியின் குரலையும் எழுப்புவார், தாய்மான் ஓடிவரும். பதப்படுத்திய மான் தலையொன்றைத் தம் தலைமேல் அணிந்து, புதரின் பின்னே அமர்ந்து அசைத்துக் காட்டுவதும் உண்டு. நம் நாட்டு வேட்டுவர் பழக்கிய மானைக் காட்டி மானைப் பிடிப்பதைப் பார்வை மான் என்று நம் முன்னோர் சொன்னார்களே, அதை ஒத்த உத்தி அது.

காட்டின் குரல்கள் எல்லாம் அவருக்குச் செய்தியாயின. அணில் கத்துவதையும் நீலப்பறவை கூவுவதையும் கேட்டே, வருவது நரியா மனிதனா என்று உணர்வார். விலங்கைக் கொல்பவர்தாம், ஆனால் விலங்கை அவ்வளவு அறிந்தவர். உணவுக்காகக் கொன்றார், கொன்றதை வீணாக்கவில்லை. இறைச்சி உணவாயிற்று, தோல் உடையாயிற்று, தசைநார் வில்லுக்கும் நாணுக்கும் ஆயிற்று, கொம்பு அடுத்த அம்புமுனையைச் செதுக்கும் கருவியாயிற்று. தங்கத்துக்காக மனிதரைக் கொன்று குவித்தவர்கள் அவரைக் காட்டுமிராண்டி என்றழைத்தது வரலாற்றின் முரண் அல்லவா?

தாயகப் பயணம்

1914ஆம் ஆண்டு மே மாதம் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் இளம் மகன் ஆகியோர் இஷியுடன் மான் ஓடைக்குப் பயணமாயினர். இஷிக்கு முதலில் விருப்பமில்லை. அது அவருடைய இறந்தோர் வாழும் இடம். ஆயினும் நண்பர்களுக்காக இசைந்தார். அங்கே சென்றபின் அவர் புதிய மனிதராக மாறினார். ஓடையில் நீந்தினார், பாடினார், வில்லேந்திப் பாறைகளில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் குகைக்கும் மேட்டுக்கும் யாஹி மொழியில் பெயர் சொன்னார். பேராசிரியர்கள் இருநூறுக்கு மேற்பட்ட இடப்பெயர்களை வரைபடத்தில் குறித்தனர். வெற்றுக் காடு என்று குடியேறியோர் கருதிய நிலம் அது. அங்கே அடிக்கொரு பெயர் இருந்தது. பெயரிட்டழைத்த மக்கள்தாம் இல்லை.

சில நாள்களில் அவர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பவே விரும்பினார். மலைகள் அங்கேயே இருந்தன. ஆனால் பேச ஆளில்லாத மலை ஊராகாது.

மறைவும் அதன்பின்னும்

மறைந்து வாழ்ந்தவர் உடலில் நகரத்து நோய்களை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. வந்த சில மாதங்களிலேயே சளியும் நிமோனியாவும் அவரைப் பற்றின. பின்னர்க் காசநோய் கண்டது. 1915 கோடையில் மொழியறிஞர் எட்வர்ட் சபீர் வந்து யாஹி மொழியைப் பதிவு செய்தபோது, உடல் தளர்ந்திருந்தும் இஷி பொறுமையோடு உழைத்தார். தம்மோடு அம்மொழி மறையக்கூடாது என்ற எண்ணம் இருந்திருக்கலாம். அவர் கூறிய கதைகளும் பாடல்களும் மெழுகு உருளைகளில் பதிவாகி இன்றும் உள்ளன. 1916ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இறந்தவர் உடலை அறுப்பது இஷிக்குப் பெரும் அருவருப்பு. மருத்துவக் கல்லூரியின் பிணவறையைக் கண்டு அவர் அஞ்சியதுண்டு. அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், உடலை அறுக்கவேண்டா என்று வன்மையாகக் கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேருமுன் ஆய்வு முடிந்துவிட்டது. உடலை, அவருடைய வில், ஐந்து அம்புகள், கருவாலி மாவு நிறைந்த கூடை, சிப்பி மணிகள், புகையிலை ஆகியவற்றுடன் நண்பர்கள் எரியூட்டிச் சாம்பலைக் கோல்மா நகரில் மண்கலத்தில் வைத்தனர். ஆனால் மூளை மட்டும் தனியே எடுக்கப்பட்டது. உடலை அறுக்கவேண்டா என்று எழுதிய அதே குரோபர்தாம் 1917இல் அம்மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார். துயரமோ, தொழிற்பழக்கமோ, அறிவியலின் பெயரால் வந்த மயக்கமோ! நண்பருக்குச் செய்யக்கூடாததை ஆய்வுப்பொருளுக்குச் செய்யலாம் என்று மனம் ஒருகணம் துணிந்துவிட்டது.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது கிடங்கில் கிடந்தது. 1990களின் இறுதியில் பியூட் மாவட்டப் பழங்குடியினர் இஷியை ஊருக்கு அழைத்து வரவேண்டும் என்று தேடத் தொடங்கினர். 1999இல் உண்மை வெளியாயிற்று. யானா இனத்தின் வழித்தோன்றல்கள் ரெடிங், பிட் ஆறு ஆகிய பழங்குடிச் சமூகங்களில் வாழ்கின்றனர் என்று கண்டு, 2000ஆம் ஆண்டு மூளையும் சாம்பலும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வெளியார் அறியாத ஓரிடத்தில் அவர்கள் அவரை அடக்கம் செய்தனர். வாழ்நாளெல்லாம் மறைந்து வாழ நேர்ந்தவருக்கு, இம்முறை அந்த மறைவு அன்பினால் கிடைத்தது.

இஷியைப் பற்றிய மதிப்பீடுகளும் மாறி வந்துள்ளன. குரோபரின் மனைவி தியோடரா குரோபர் 1961இல் எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது. இஷி செய்த அம்புமுனைகள் யாஹி நிலத்துப் பழைய முனைகளைவிட அண்டை இனத்தார் முனைகளையே ஒத்திருக்கின்றன என்று 1990களில் ஓர் ஆய்வாளர் காட்டினார். துன்பக் காலத்தில் இனங்கள் கலந்து ஒன்றையொன்று தாங்கியிருக்கலாம் என்பது இதனால் பெறப்படும். 2019இல் கலிபோர்னிய ஆளுநர், பழங்குடியினர்க்கு இழைக்கப்பட்டது இன அழிப்பே என்று ஒப்புக்கொண்டு மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2021இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகம், மானிடவியல் கட்டடத்துக்கு இட்டிருந்த குரோபரின் பெயரை நீக்கியது.

முடிவாக

போப் தாம் கற்றதை எழுதி வைத்தார். 1923இல் வெளிவந்த அவருடைய நூல் வில் வேட்டையில் ஆர்வம் கொண்டோர்க்கு வழிகாட்டியாயிற்று. அவரும் 1926இல் மறைந்தார். அவர் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங் பெயரையும் தாங்கிய வேட்டையாளர் கழகம் ஒன்று 1961இல் தோன்றியது. இன்று கூடாரமின்றிக் காட்டு வான்கோழிக்காக ஒரு மரத்தடியில் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் அமெரிக்க வில்லாளனுக்கு, தன் ஆசானின் ஆசான் இஷி என்பது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அசையாதே, விரையாதே, காற்றைப் பார், காட்டைக் கேள் என்னும் பாடம் மான் ஓடைக்கரையிலிருந்து வந்த பாடமே.

நண்பர்களே! பிறரை நாம் எப்படி அறிகிறோம் என்பதே இஷியின் வாழ்க்கை நம்மிடம் கேட்கும் வினா. அளவையாளர்கள் அவருடைய பொருளைக் கண்டனர், பசியைக் காணவில்லை. செய்தித்தாளார் காட்டு மனிதனைக் கண்டனர். அறிஞர்கள் ஓர் இனத்தின் கடைசிச் சான்றைக் கண்டனர். அவரருகில் அமர்ந்து வில் வளைக்கக் கற்றபோதுதான் ஒருவர் அவரை ஆசானாகவும் மனிதராகவும் கண்டார். அந்தப் பார்வைகூட இறுதியில் ஒருமுறை தவறிற்று. அறிவு தேடிச் செல்லும் மாணவராகிய நாம், நம் மலைகளில் வாழும் மக்களிடம் குறிப்பேட்டோடு போகும் நாளில் இதை நினைவிற் கொள்வோமாக. அவர் பெயரின் பொருள் மனிதன் என்பதே. அதை மறவாமல் நடந்துகொள்வதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.